கோபத்தின் மேல் போட்ட பழி

உங்கள் வீட்டில் யாருக்காவது ரத்த அழுத்தம் இருக்கிறதா? இருந்தால், அது எதனால் வந்தது என்று உங்களுக்குச் சொன்னது யார்? டாக்டரா, பக்கத்து வீட்டுக்காரரா, இல்லை நீங்களாகவே முடிவு கட்டிக்கொண்டீர்களா? ஆணாக இருந்தால் "பாவம், வேலை டென்ஷன்" என்றிருப்பீர்கள். பெண்ணாக இருந்தால் "அவ குணம் அப்படி" என்றிருப்பீர்கள்.

அப்படிச் சொல்லப்பட்ட ஒருத்தியைப் பற்றி எழுதுகிறேன். முடிச்சுப் போட்டுக் கடைசியில் அவிழ்க்கும் எண்ணம் எனக்கு இல்லை. அவளுக்கு ரத்த அழுத்தம் வந்ததற்குக் காரணம் கோபம் அல்ல. கன்னத்தில் எப்போதும் ஒதுக்கி வைத்திருந்த அதிமதுரக் குச்சிதான் காரணம். இதைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும். அந்தக் கேள்வியை யாரும் கேட்காமல் விட்ட வருடங்களில் அவளுக்கு என்ன ஆயிற்று என்பதே விஷயம்.

அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிப் பிரிவில் பேர் கூப்பிடுகிறவள். நீளமான தாழ்வாரம், இரண்டு பக்கமும் டாக்டர்களின் அறைகள், நடுவில் நோயாளிகள் உட்கார இரும்பு பெஞ்சுகள். ஒவ்வொரு அறையிலிருந்தும் சீட்டு வரும். அதைப் பார்த்து, குழந்தைகளின் அழுகைக்கும் தள்ளுவண்டிச் சக்கரங்களின் கிரீச்சலுக்கும் மேலாக, டீ குடிக்கப் போனவர் காதிலும் கழிப்பறை வரிசையில் நிற்பவர் காதிலும் விழுகிற மாதிரி கூப்பிட வேண்டும். மைக் ஒன்று உண்டு. அது வேலை செய்து யாரும் பார்த்ததில்லை. அதனால் அவளுக்கு ஆஸ்பத்திரியில் "ஸ்பீக்கர்" என்று பேர்.

அந்தத் தாழ்வாரங்களில் பேர் கூப்பிடும் பெண்கள் எல்லோரிடமும் அதிமதுரம் இருக்கும். புதிதாக ஒருத்தி வேலைக்குச் சேர்ந்தால், அடையாள அட்டை வருவதற்கு முன்பே அவள் கையில் யாராவது ஒரு துண்டைத் திணித்துவிடுவார்கள். "தொண்டைக்கு இன்ஷூரன்ஸ்" என்பார்கள். மற்றவர்கள் எப்போதாவது கடிப்பார்கள். இவளுக்கு அது பழக்கமாகிவிட்டது. கட்டுக்கட்டாக வாங்கி, நறுக்கி, டிபன் பாக்ஸ் பையில் போட்டு வைத்திருப்பாள். ஒன்று சப்பிச் சக்கையானதும் அடுத்தது.

அந்தக் காலத்தில் அவள் பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. பேர் கூப்பிடும் பெண்கள் வேலை நேரம் முழுக்க நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. எழுதி வைத்த விதி அல்ல, நாற்காலி கிடையாது, அவ்வளவுதான். அவள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி ஒரு மனுவைக் கொண்டுபோய் மேற்பார்வையாளரின் மேஜையில் வைத்தாள்.

"உட்கார்ந்தா குரல் அடங்கிடும்மா" என்றார் அவர்.

"ரேடியோவுல பேசறவங்க எல்லாம் நின்னுக்கிட்டா சார் பேசறாங்க?"

"இருக்கற இடமே பத்தல. சேரை எங்க போடறது?"

"தீயணைக்கிற சிலிண்டருக்கு ஸ்டாண்ட் போட்டிருக்கீங்க. அதுக்குக் கிடைச்ச இடம் எங்களுக்குக் கிடைக்கலையா? அது என்னிக்காவது ஒரு பேரைக் கூப்பிட்டிருக்கா?"

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரிக்க வாய் திறந்தாள், தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நர்ஸ் ஒருத்தி ஓடிவந்து கையில் பட்டையைச் சுற்றி அளந்தாள். அழுத்தம் எக்கச்சக்கமாக இருந்தது. மேற்பார்வையாளர் குனிந்து, மிகவும் இதமான குரலில் சொன்னார்: "பாத்தீங்களா? இதுக்குத்தான் சொன்னேன். எதுக்கும்மா இவ்வளவு ஆவேசம்? உடம்பைப் பாத்துக்கங்க."

மனு அவருடைய இழுப்பறைக்குள் போனது.

அவளைப் பார்த்த டாக்டருக்கு வெளியே பெரிய வரிசை. "அடிக்கடி கோபப்படுவீங்களா?" என்று கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் கூட வந்திருந்த கணவன் முந்திக்கொண்டான்.

"ஐயோ, அதை மட்டும் கேக்காதீங்க டாக்டர். இவ கோபத்துக்கு எங்க தெரு நாயே ரோட்டுக்கு அந்தப் பக்கமா போகும்."

டாக்டர் சிரித்தார். "உப்பைக் குறைங்க. டென்ஷனையும் குறைங்க. வேற ஏதாவது மருந்து மாத்திரை சாப்பிடறீங்களா?"

"இல்ல சார்."

பொய் சொல்லவில்லை. கன்னத்தில் குச்சி இருந்தது. குச்சி மருந்து இல்லை, மாத்திரையும் இல்லை. தொண்டைக்காக வாயில் போட்டுக்கொள்வது. எச்சிலை யாராவது மருந்துக் கணக்கில் சேர்ப்பார்களா? அதற்குப் பிறகு எத்தனையோ முறை, எத்தனையோ டாக்டர்கள் அதே கேள்வியை அதே வார்த்தைகளில் கேட்டார்கள். அவளும் அதே பதிலைச் சொன்னாள்.

அவள் கணவன் துவைக்கும் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவன். நல்லவன். பெண்டாட்டி செத்துப் போய்விடுவாள் என்று உண்மையாகவே பயந்தான். ஒரு நாள் சாப்பிடும்போது அவனுக்கு ஒரு யோசனை வந்தது.

"இங்க பாரு, கோபம் வந்தா வாயைத் திறக்காத. அந்தக் குச்சியை எடுத்து நல்லா கடிச்சுக்கோ. கோபம் போற வரைக்கும் கடி. எப்படியும் வாயில போட்டுக்கறதுதானே?"

"ஏன், எனக்குக் கடிவாளம் போடறியா?"

"நீ இருந்தாத்தானே எனக்கு வண்டி ஓடும்?"

அவள் சிரித்துவிட்டாள். பிறகு அதை அப்படியே செய்தாள். வரிசையில் முண்டியடித்துவந்த ஒருவன் "ஏய்" என்று கூப்பிட்டபோது கடித்தாள். விடுமுறை கேட்டதற்கு மேற்பார்வையாளர் பல்லிளித்தபோது கடித்தாள். கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையாதபோது கடித்தாள்.

இதற்குள் அவள் உடம்பில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறது, அட்ரினல் என்று பேர். அதிலிருந்து வரும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன், சிறுநீரோடு போகவிருக்கும் உப்பைப் பிடித்து உடம்புக்குள் திருப்பி அனுப்பும், பதிலுக்குப் பொட்டாசியத்தை வெளியே தள்ளும். உப்போடு தண்ணீரும் நிற்கும், ரத்த அழுத்தம் ஏறும். இதே சுரப்பியிலிருந்து கார்டிசால் என்று இன்னொரு ஹார்மோனும் வருகிறது. ஆல்டோஸ்டிரோனைவிட அது பல மடங்கு அதிகம், அதே பூட்டைத் திறக்கவும் அதற்குத் தெரியும். திறக்காமல் இருப்பதற்குக் காரணம், சிறுநீரகத்தின் வாசலில் ஒரு நொதி காவலுக்கு நின்று வருகிற கார்டிசாலை எல்லாம் செயலிழக்கச் செய்வதுதான். அதிமதுரத்தின் இனிப்பில் இருக்கும் பொருள் அந்தக் காவலாளியின் கையைக் கட்டிப்போடும். அப்புறம் கார்டிசால் கும்பலாக உள்ளே நுழையும்.

எனவே அவள் அமைதியாக இருக்கப் பாடுபட்ட ஒவ்வொரு தடவையும் அவளுடைய ரத்த அழுத்தம் ஏறியது. கோபத்தை அடக்க அடக்கக் கடித்தாள், கடிக்கக் கடிக்க ஏறியது, ஏற ஏற இன்னும் அடக்கு என்றார்கள். இரண்டாவது மாத்திரை வந்தது. மூன்றாவது வந்தது. அதில் ஒன்று சிறுநீரை அதிகமாகப் போகவைப்பது. மிச்சமிருந்த பொட்டாசியத்தையும் அது வாரிக்கொண்டு போனது.

"இவ்வளவு மாத்திரை போட்டும் இறங்கலன்னா, உள்ளுக்குள்ள எவ்வளவு குமுறிக்கிட்டு இருக்கா பாரு" என்றாள் நாத்தனார். அவளும் கெட்டவள் இல்லை.

உள்ளுக்குள் ஒன்றும் குமுறவில்லை. அதுதான் விசித்திரம். முதலில் சிரமப்பட்டு அடக்கினாள். பிறகு சிரமம் இல்லாமல் அடங்கியது. பிறகு அடக்க ஒன்றுமே வரவில்லை. யாராவது கத்தினால் அவர்கள் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கத்தி முடித்ததும் அடுத்த பேரைக் கூப்பிடுவாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் தன் முறை வருவதற்கு முன்பே இறந்துபோனார். மூன்று தரம் அவர் பேரைக் கூப்பிட்டுவிட்டு அடுத்த சீட்டை எடுத்தாள். விஷயம் தெரிந்த பிறகும் அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. "ஸ்பீக்கர் அக்கா ரொம்பப் பக்குவமாயிட்டாங்க" என்று புதுப்பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

பக்குவமாம். ஒரு மனுஷியை ஊறுகாய் மாதிரி ஊறப்போட்டுவிட்டு நாம் வைக்கும் பேர்.

வீட்டில் எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசக் கற்றுக்கொண்டார்கள். அவள் அறைக்குள் வந்தால் பேச்சு வேறு எதற்கோ தாவும். அவளுக்கு ஒரே மகள். ஆய்வக உதவியாளர் படிப்புக்குக் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். காலையில் வெள்ளைக் கோட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புவாள், சாயங்காலம் திரும்புவாள். ஒரு நாள் ஆஸ்பத்திரி கேன்டீனில், கூட வேலை செய்யும் நெட்டை என்ற பெண் தட்டோடு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்க பொண்ணு எப்பலேர்ந்து துணிக்கடையில நிக்குது? எனக்கு ரவிக்கைத் துணி எடுத்துப் போட்டுச்சே! லீவுலயா?"

வீட்டுக்குப் போய்க் கேட்டாள். மகள் அப்பாவைப் பார்த்தாள், அப்பா மகளைப் பார்த்தான்.

"காலேஜ்லேர்ந்து நின்னுட்டேம்மா. ரொம்ப நாளாச்சு."

"ஏன்?"

"அங்க லேப்ல ஒரு ஆள். பாடம் எடுக்கற ஆள்தான். கையைப் புடிச்சுத்தான் டெஸ்ட்யூபையே குடுப்பான். அப்புறம் கையோட நிறுத்தல. மார்க் போடறது அவன்தான்."

"என்கிட்ட ஏண்டி சொல்லல?"

கணவன்தான் சொன்னான். "உனக்கு பிரஷர் ஏறிடும்னுதான். என்கிட்ட சொல்லிச்சு. நான்தான் வேணாம், அம்மாவுக்குத் தெரிஞ்சா நேரா போய் அவன் சட்டையைப் புடிப்பா, அங்கயே விழுந்துடுவா, படிப்பு போனா போகட்டும்னேன்."

அவள் நின்றுகொண்டிருந்தாள். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மகளின் கையைப் பார்த்தாள். துணிக்கடையின் விலைச்சீட்டு ஒன்று மணிக்கட்டில் ஒட்டியிருந்தது. முந்தைய அவள் இந்நேரம் தெருவில் இறங்கியிருப்பாள். இப்போது என்ன வர வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. அது வரவில்லை. பையைத் திறந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

மகள் அழுதாள். அவளை அழவைத்தது அந்தக் கேள்விதான் என்று அப்பனுக்குப் புரியவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவள் கால்கள் மக்கர் செய்யத் தொடங்கின. கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். கையைத் தூக்கித் தலை வார முடியாது. நிற்கிற வேலையால் வருவது என்று கவனிக்காமல் விட்டுவிட்டாள். ஒரு மத்தியானம் கேன்டீன் படிக்கட்டில் ஏறும்போது கால் கேட்கவில்லை. அப்படியே உட்கார்ந்தவளால் எழ முடியவில்லை. நெட்டைதான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள்.

"உங்களைத் தூக்க நான் என்ன கிரேனாக்கா? கொஞ்சம் ஊன்றுங்க."

"ஊன்றத்தான் பாக்கறேன். காலு என்னுது மாதிரியே இல்லடி."

இதயத் துடிப்பின் படத்தை எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். பொட்டாசியம் அதலபாதாளத்தில் இருந்தது. இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றிருக்கும். அவசரமாகப் படுக்கையில் போட்டு மருந்து ஏற்றினார்கள். அந்த வார்டுக்குப் பொறுப்பான டாக்டர் ஒரு சிடுசிடுப்பான பெண்.

"உங்களை எனக்குத் தெரியுமே. எங்க வாசல்ல பேர் கூப்பிடறவங்கதானே?"

"ஆமா டாக்டர். நான் இப்பல்லாம் கோபப்படறதே இல்ல டாக்டர்."

"நான் அதைக் கேக்கவே இல்லையே."

வேறு என்னவெல்லாமோ கேட்டார். பிரசவத்தின்போது அழுத்தம் ஏறியதா? கருத்தடை மாத்திரை சாப்பிட்டதுண்டா? மாதவிடாய் நின்றுவிட்டதா? தைராய்டு பார்த்தார்களா? அம்மா அப்பாவுக்குச் சின்ன வயதிலேயே பக்கவாதம் வந்ததா? வாந்தி, பேதி உண்டா? அவள் படுத்தபடி பதில் சொன்னாள். இத்தனை வருடங்களில் இதில் ஒன்றைக்கூட யாரும் கேட்டதில்லை என்பது அவளுக்கு உறைத்தது. உறைத்ததே தவிர, சுடவில்லை.

அட்ரினலில் சின்னக் கட்டி இருந்து ஆல்டோஸ்டிரோனைக் கொட்டிக்கொண்டிருக்கலாம் என்று டாக்டர் சந்தேகப்பட்டார். பல பேருக்கு அப்படி உண்டு, பல பேருக்குத் தெரியாமலே போகிறது. ஹார்மோன் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று தாளைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலருகே நின்று முகம் சுளித்தார்.

"ஹார்மோன் ஜாஸ்தியா இருக்கும்னு நெனச்சேன். பார்த்தா துளிகூட இல்ல. ஆனா அது செய்யற வேலை மட்டும் ஜோரா நடக்குது. யாரோ ஆள்மாறாட்டம் பண்றாங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வாயில என்ன போடறீங்க? மருந்தைக் கேக்கல. என்ன வேணா இருக்கட்டும்."

"மருந்து ஒண்ணும் இல்ல டாக்டர்" என்று அவள் பழக்கத்தில் தொடங்கினாள்.

பக்கத்தில் ஸ்டூலில் இருந்த நெட்டை குறுக்கிட்டாள். "அக்கா, அந்தக் குச்சியைச் சொல்லுங்களேன். நேத்துகூட ஒரு கட்டு வாங்கிக் கொடுத்தேன்ல?"

"என்ன குச்சி?"

அவள் கன்னத்திலிருந்து எடுத்துக் காட்டினாள். டாக்டர் அதைக் கையில் வாங்கவில்லை, பார்த்தார்.

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"கணக்கு இல்ல. இது வேர்தானே டாக்டர்? இயற்கைதானே?"

அரளி விதையும் இயற்கைதான், பாம்பின் விஷமும் இயற்கைதான். மண்ணில் முளைத்ததெல்லாம் மனிதனுக்கு மருந்தாகத்தான் முளைத்தது என்று நம்புகிற அளவுக்கு நாம் எப்படி ஏமாளிகளானோம் என்று நான் இங்கே கத்தலாம். ஆனால் அவள் மேல் எனக்குக் கோபமில்லை. தொண்டை கிழியக் கத்துவதுதான் அவள் வேலை. ஒரு மைக்கைச் சரி செய்து கொடுத்திருந்தால் அந்தக் குச்சிக்கே தேவை இருந்திருக்காது. மைக்கும் சரி செய்ய மாட்டோம், நாற்காலியும் தர மாட்டோம், வருகிற கோபத்தையும் நோய் என்போம். இதற்கு எந்தச் சுரப்பியைக் குற்றம் சொல்வது?

குச்சியை நிறுத்தினாள். வாரங்கள் போகப் போக அழுத்தம் இறங்கியது, கால் வீக்கம் வடிந்தது. டாக்டர் மாத்திரைகளை ஒவ்வொன்றாக அளந்து அளந்து குறைத்தார். சின்னது ஒன்று மட்டும் மிஞ்சியது. கணவனிடம் சொன்னபோது, ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தவன், கையில் இருந்த திருகாணியைக் கீழே வைத்தான்.

"அப்ப உன் கோபம்?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லையாம். கோபத்துல ஏறினாலும் தானா இறங்கிடுமாம். குச்சியாலதான் இறங்காம நின்னுதாம்."

"நான்தானே கடிக்கச் சொன்னேன்."

"ஆமா."

அவன் மேல் கோபம் வரும் என்று காத்திருந்தாள். மேற்பார்வையாளர் மேல், முதல் டாக்டர் மேல், அந்த ஆய்வகத்து ஆள் மேல். அழுத்தம் இறங்கினால் மற்றதெல்லாம் தானாகத் திரும்பி வந்துவிடும் என்று நினைத்திருந்தாள். உடம்பு திரும்பியது. அது மட்டும் வரவில்லை.

ஒரு காலையில், கோபம் வராவிட்டால் போகட்டும் என்று மகளைக் கூட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனாள். முதல்வரின் அறையில் நாற்காலி இருந்தது, உட்காரச் சொன்னார். நடந்ததை மகள் சொன்னாள். அம்மா பக்கத்தில் நேராக உட்கார்ந்து, சீட்டைப் படிப்பது போன்ற குரலில், அந்த ஆளின் பேரை மட்டும் சொன்னாள். அந்த அறையின் கதவு திறந்திருந்தது. வராந்தாவில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

முதல்வர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "அவர் இப்ப இங்க இல்லம்மா. வேற காலேஜுக்குப் போயிட்டார். துறைத் தலைவரா." திரும்பி வந்து உட்கார்ந்தார். "இவ்வளவு நாள் கழிச்சு வர்றீங்களே. அப்பவே ஏன் வரல?"

மகள்தான் பதில் சொன்னாள். "அம்மாவுக்கு பிரஷர் சார்."

புகாரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இதை நான் எழுதும்வரை யாரும் கூப்பிடவில்லை. அந்த ஆள் வேறு ஒரு ஆய்வகத்தில் வேறு பெண்களுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறான்.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் ரத்த அழுத்தக்காரி ஒருத்தி இருந்தால், அதிலும் மாத்திரைக்கு அடங்காத அழுத்தமாக இருந்தால், அவளைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். அவள் சாப்பிடுவது, சப்புவது, குடிப்பது, பெட்டிக்கடையில் வாங்குவது, பக்கத்து வீட்டுக்காரி கொடுத்தது என்று அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் மேஜையில் கொட்டுங்கள். பொட்டாசியம் பார்த்தீர்களா, ஹார்மோன் பார்த்தீர்களா என்று கேளுங்கள். டாக்டர் முறைத்தாலும் கேளுங்கள். அவராகச் சொல்லாமல் ஒரு மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். வீட்டுக்குத் திரும்பியதும், பிரஷர் ஏறிவிடும் என்று அவளிடமிருந்து மறைத்து வைத்திருப்பதை எல்லாம் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள். இன்றைக்கே சொல்லுங்கள்.